தவிட்டுப்பழத்தின் ஊதா நிறம்

மலைப்பழங்களைப் பற்றி இப்போது யார் பேசத் தொடங்கினாலும் "ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது" என்ற வரி உடனே வந்து விழுகிறது. அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்பதை, எனக்கு மிகவும் பிடித்த தவிட்டுப்பழத்தை முன்வைத்து எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

நாவல், கொய்யா, கிராம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் குறுஞ்செடி, நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டு ஓரங்களிலும் புல்வெளிச் சரிவுகளிலும் தானாக முளைத்து நிற்கிறது. இளஞ்சிவப்புப் பூ பூக்கும். பழம் சுண்டைக்காயைவிடச் சற்றே பெரியது. பழுத்ததும் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு வரும். தோலின் மேல் மெல்லிய மென்மயிர், நுனியில் காய்ந்தும் உதிராத ஐந்து புல்லிதழ்கள், உள்ளே பொடி விதைகள். நாலைந்து தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும்.

நாக்கில் ஒட்டும் அந்தச் சாயந்தான் ஆந்தோசயனின். அதனுடன் பிசியடானால் என்ற பொருளும் இப்பழத்தில் மிகுதியாக உள்ளது. வியட்நாமில் விளையும் இதே பழத்தை ஆராய்ந்தவர்கள், சிவப்புத் திராட்சையில் இருப்பதைவிடப் பன்மடங்கு பிசியடானால் இதில் இருப்பதைக் கண்டார்கள். திராட்சையால் புகழ்பெற்ற ரெஸ்வெரட்ராலுடன் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணை) கூடினால் அதுவே பிசியடானால். அந்தக் கூடுதல் தொகுதி முன்பிருந்த ஒன்றுக்கு அடுத்த இடத்திலேயே அமர்வதால், இணை சேராத எலக்ட்ரானால் நிலையற்றுத் திரியும் ஃப்ரீ ராடிக்கலுக்கு ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்துவிட்டுத் தான் நிலைகுலையாமல் நிற்பது அந்த மூலக்கூறுக்கு எளிதாகிறது. ஆன்டிஆக்சிடன்ட் செயல் என்பதன் வேதியியல் பெரும்பாலும் இவ்வளவுதான்.

செடி இவற்றை நமக்காகச் செய்து வைப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புறஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. ஊட்டியோ 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. திறந்த சரிவில் வெயிலையும் இரவுக் குளிரையும் மாறிமாறித் தாங்கும் செடிகள், ஆந்தோசயனின், பிசியடானால் போன்ற பீனால் சேர்மங்களை உண்டாக்கும் நொதிகளை முடுக்கிவிட்டு, கதிரை உறிஞ்சும் பொருள்களை இலையின் மேல்தோலில் சேர்த்துக்கொள்கின்றன. ஒரே இனச் செடியே ஆனாலும், நிழலில் வளர்வதும் வெயிலில் வளர்வதும் இந்தச் சேர்மங்களில் வேறுபடுவது இதனால்தான். மலை நெல்லியின் துவர்ப்பும் இத்தகைய பீனால்களின் வேலையே: அதிலுள்ள டானின்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால் வாய் வறண்டாற்போல் ஆகிறது.

ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கப் பரவலாகப் பயன்படுவது டிபிபிஹெச் சோதனை. டிபிபிஹெச் என்ற ஃப்ரீ ராடிக்கல் கரைந்த ஊதா நிறக் கரைசலில் பழச்சாற்றைச் சேர்க்கிறார்கள். ஊதா எவ்வளவு வெளுத்து மஞ்சளாகிறதோ அவ்வளவு ஆற்றல் என்று கணக்கிடுகிறார்கள். கண்ணாடிக் குழாயில் கிடைக்கும் அந்த எண்ணை நோய் தீர்க்கும் எண்ணாக விற்பது எனக்கு உடன்பாடில்லை. ஆந்தோசயனினில் மிகச் சிறு பங்கே மாறாமல் இரத்தத்தை எட்டுகிறது. மீதியைக் குடலின் நுண்ணுயிரிகள் சிதைத்து வேறு பொருள்களாக்குகின்றன. உணவுப் பொருள்களின் ஓராக் மதிப்புகளை (இதுவும் ஆய்வுக்கூடத்தில் அளக்கும் ஆன்டிஆக்சிடன்ட் எண்தான்) தொகுத்து வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே, அவை உடல்நலத்தோடு பொருந்தவில்லை என்று சொல்லி 2012-இல் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டது. அதற்கும் முன்பு, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு, கேரட்டில் உள்ள ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1994-இல் வெளியானபோது, மாத்திரை தின்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையாமல் கூடியிருந்தது. பழத்தைத் தின்பது வேறு, அதன் ஒரு கூறைப் பிரித்து மாத்திரையாக விழுங்குவது வேறு.

ஆகவே தவிட்டுப்பழத்தைப் பழமாகவே தின்னச் சொல்வேன். ஜாம் காய்ச்சுவதானால் அதிக நேரம் கொதிக்கவிடாமல், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் காய்ச்சலாம். நீண்ட கொதிப்பில் ஆந்தோசயனின் சிதையும், புளிப்பில் அதன் சிவப்பு நிலைக்கும்.

தூளாக்கிப் புட்டியில் அடைப்பதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இந்தச் செடி நிற்கும் புல்வெளிகளின் பெரும்பகுதியைத் தேயிலையும் தைல மரமும் சீகை மரமும் (வாட்டில் என்ற அயல் மரம்) எடுத்துக்கொண்டுவிட்டன. எஞ்சிய சரிவுகளில் மேலும் மேலும் முளைக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்கி, வெயில் தரையில் படும்படி வைத்திருந்தால்தான் தவிட்டுச்செடிக்கு அங்கே இடமிருக்கும்.