நான்கு வரி

ஈராக்கிய யூதர்கள் பற்றிய கட்டுரை பக்கத்தைத் தாண்டி நான்கு வரி வழிந்து நின்றது. அவர்களின் சொத்துகளை முடக்கிய 1951 மார்ச் சட்டம் பற்றிய பத்தி சரியாக நான்கு வரி. எடுத்துவிட்டேன்.

இதழ் கைக்குக் கிடைத்த அன்றே கட்டுரையை எழுதிய பேராசிரியர் அழைத்தார். கோபப்படத் தெரியாதவர்.

"தம்பி, யூதத் தொழுகைக்கூடத்தில் குண்டு வெடித்த செய்தி அப்படியே இருக்கிறது, சொத்துகளை முடக்கிய சட்டத்தைக் காணோம். குண்டுக்குப் பயந்து ஓடினார்கள் என்றுதானே படிப்பவர் நினைப்பார்?"

"ஐயா, குடியுரிமையைத் துறந்தால் வெளியேறலாம் என்று 1950 மார்ச்சில் சட்டம் வந்தது. ஓராண்டுக் கெடுவுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்துவிட்டார்கள். கெடு முடிந்த கையோடுதான் முடக்கம். பின்னால் வந்தது எப்படிக் காரணமாகும்?"

சிறிது நேரம் பேச்சில்லை. "நல்ல கேள்வி, தம்பி" என்று வைத்துவிட்டார்.

நல்ல கேள்விதான். அவர்களைப் பெயர் கொடுக்க வைத்தவை வேறு. 1941 ஜூனில் பாக்தாத்தில் யூதர்கள் மீது இரண்டு நாள் நடந்த ஃபர்ஹூத் படுகொலை. 1948 அரபு-இஸ்ரேல் போர் தொடங்கிய பின், யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற சியோனிசம் தண்டனைக்குரிய குற்றமானது, அரசுப் பணியிலிருந்து யூதர்கள் நீக்கப்பட்டது, இஸ்ரேலின் அழைப்பு. அந்த ஆண்டு செப்டம்பரில் ஷஃபீக் அதஸ் என்ற பெருவணிகரை பாஸ்ராவில் அவர் வீட்டு வாசலிலேயே தூக்கிலிட்டார்கள். அதிகாரத்தோடு நெருங்கிப் பழகியவருக்கே அந்தக் கதி என்றால் சாதாரணக் கடைக்காரர் என்ன நினைத்திருப்பார்? இவற்றில் ஒரு வரியையும் நான் தொடவில்லை.

ஆனால், பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் 1951 மார்ச்சில் இன்னும் ஈராக்கில்தான் இருந்தார்கள். குடியுரிமை போய்விட்டது, இப்போது கடையும் வங்கிக் கணக்கும் போயின. மனம் மாறியிருந்தாலும் எதை வைத்துத் தங்குவது? பேராசிரியர் இதைத் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

அதைவிட உறுத்துவது வேறு. அந்த வாதம் எனக்குத் தொலைபேசியில்தான் தோன்றியது. வெட்டும்போது மனத்தில் இருந்தது வரிக்கணக்கு மட்டும். குண்டு பற்றிய வாக்கியம் பத்தியின் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. உருவினால் பத்தியையே திருப்பி எழுத வேண்டும். சட்டமோ தனிப் பத்தியாக நின்றதால் அலுங்காமல் வந்துவிட்டது. குண்டை வீசியது யார் என்று இன்றுவரை சர்ச்சை. சர்ச்சையே இல்லாத சட்டம் என் கையால் போயிற்று.

இருந்தாலும், நான் சொன்ன தேதிகள் சரிதானே?

போன வாரம் பேராசிரியரின் அடுத்த கட்டுரை வந்தது. சூயஸ் போருக்குப் பிறகு எகிப்து யூதர்கள் வெளியேறியது பற்றி. சொத்துப் பறிமுதலை இந்த முறை முதல் வாக்கியத்துக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்.