உள்ளே வந்துடுச்சு அக்கா

கோவில்பட்டியில் ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். காலை 7 மணிக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுடைய ரத்தத்தை மெஷினில் வைக்கும் முன் கன்ட்ரோல் சீரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். என்ன விடை வர வேண்டும் என்று முன்பே தெரிந்த சீரம் அது. எங்கள் கன்ட்ரோலில் கிரியாட்டினின், அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கழிவுப்பொருள், சராசரி 1.10. எஸ்.டி, அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 0.07. சராசரிக்கு இரண்டு பக்கமும் 2 எஸ்.டி வரை, அப்படியென்றால் 0.96-க்கும் 1.24-க்கும் நடுவில் வந்தால் சரி.

அன்று வியாழக்கிழமை. பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஓட்டினான். 1.26. மறுபடி ஓட்டினான், 1.25. மூன்றாவது தடவை 1.23.

"உள்ளே வந்துடுச்சு அக்கா."

நானும் சரி என்று தலையாட்டிவிட்டு ரத்தம் எடுக்கப் போய்விட்டேன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதினோரு வருஷமாக நானும் இதைத்தான் செய்கிறேன். முதலில் வேலை பார்த்த இடத்தில் கன்ட்ரோல் ஓட்டுவதே வாரத்துக்கு ஒரு நாள்தான். வெளியிலிருந்து மாதாமாதம் வரும் தரச்சோதனை சாம்பிளுக்கு மட்டும் மாப்பிள்ளை உபசாரம் நடக்கும்.

மறுபடி ஓட்டும் பழக்கம் சோம்பேறித்தனத்தால் மட்டும் வருவதில்லை. மெஷின் நன்றாக இருக்கும்போதே 20 தடவைக்கு ஒரு தடவை கன்ட்ரோல் 2 எஸ்.டி-க்கு வெளியே போகும். கணக்கே அப்படித்தான். அப்போது மறுபடி ஓட்டினால் உள்ளே வந்துவிடும். பல வருஷம் இப்படிப் பார்த்துப் பார்த்து, வெளியே போனாலே அது சும்மா என்று கை பழகிவிடுகிறது.

சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வந்த மளிகைக்கடை அண்ணாச்சி தாளைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. பத்து வருஷமாகச் சர்க்கரை உள்ளவர். கடையில் கடலைமிட்டாய் டப்பா டப்பாவாக விற்பார், ஒன்றைக்கூட வாயில் போடமாட்டார். போன தடவை கிரியாட்டினின் 1.16. இந்தத் தடவை 1.29, பக்கத்தில் எல்லை தாண்டியதைக் காட்டும் நட்சத்திரக் குறி.

"என்னம்மா, கிட்னி போச்சா?"

ஒரு தாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நாளைக்கு வாங்க அண்ணாச்சி என்று அனுப்பிவிட்டு, மெஷின் மெமரியைத் திறந்தேன். திங்கள் 1.19, செவ்வாய் 1.21, புதன் 1.18, வியாழன் காலை 1.26. எல்லாம் சராசரிக்கு மேலே. ஒன்றுகூடக் கீழே இல்லை. ஆனால் கன்ட்ரோல் எண்ணைத் தினமும் புள்ளியாக வைக்கும் சுவர் சார்ட்டில் வியாழனுக்கு 1.23 என்றுதான் புள்ளி இருந்தது. இந்த மாதிரி சார்ட் புதுசு இல்லை. டெலிபோன் கம்பெனிக்காக ஷூவார்ட் என்பவர் 1924-இல் போட்ட கிராஃபை, 1950-இல் லீவியும் ஜென்னிங்ஸும் லேபுக்குக் கொண்டுவந்தார்கள். எதை எழுத வேண்டும் என்பது நம் கையில்தானே இருக்கிறது. சார்ட்டைப் படிக்க 1981-இல் வெஸ்ட்கார்ட் என்பவர் சொன்ன விதிகளில் ஒன்று: தொடர்ந்து 4 புள்ளி ஒரே பக்கமாக 1 எஸ்.டி-யைத் தாண்டினால் ஏதோ நகர்ந்துவிட்டது என்று பொருள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விதி. சுவரில் இருந்தபோது கண்ணில் படவில்லை.

என்ன நகர்ந்தது? ஞாயிறன்று புது லாட் ரீஏஜென்ட் (சோதனைக்கு ஊற்றும் ரசாயனம்) போட்டு, கிரியாட்டினினை மட்டும் கேலிப்ரேட் செய்திருந்தோம், அதாவது அளவு தெரிந்த ஒன்றை வைத்து மெஷினுக்கு அளவைச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அந்த அளவு தெரிந்த பொருள்தான் கேலிப்ரேட்டர், பொடியாக வரும். சரியாக 5 மி.லி. வடிநீர் விட்டு, நுரைக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அளந்து விடும் 5 மி.லி. கண்ணாடி பிப்பெட் உடைந்து போயிருந்ததால், ஆயிரம் மைக்ரோலிட்டர் (1 மி.லி.) பிப்பெட்டால் ஐந்து தடவை விட்டது. கரைத்தது தம்பி இல்லை, நான்.

மறுநாள் காலை அந்த பிப்பெட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து நகைக்கடைக்குப் போனேன். 1 மி.லி. தண்ணீர் 1 கிராம் இருக்க வேண்டும். அவர்கள் தராசில் 1.08 காட்டியது. திரும்பத் திரும்பச் சொட்டு விட்டுப் பார்த்தோம், அதேதான். கடைக்காரர் "தண்ணிக்கு என்னம்மா சேதாரம் போடறது?" என்று கேட்டார்.

ஆக, 5-க்குப் பதில் 5.4 மி.லி. போயிருக்கிறது. கேலிப்ரேட்டர் நீர்த்துவிட்டது. ஆனால் மெஷினுக்கு நாம் சொல்லியிருக்கிறது பெட்டியில் அச்சடித்த மதிப்பை. குறைவாக இருப்பதை அதிகம் என்று நம்பிய மெஷின், அதற்கப்புறம் வந்த எல்லோரையும் எட்டு சதவீதம் ஏற்றியே காட்டியிருக்கிறது. மூன்று தடவை ஓட்டினாலும் முப்பது தடவை ஓட்டினாலும் இது மாறாது.

புது கேலிப்ரேட்டர், புது பிப்பெட். ஃப்ரிட்ஜில் இருந்த அண்ணாச்சி சாம்பிளை மறுபடி வைத்தோம்: 1.19. எங்கள் எல்லை 1.2, அதனால் நட்சத்திரம் போய்விட்டது. டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன், அது வேறு விஷயம். அந்த நாட்களில் கிரியாட்டினின் பார்த்த மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டோம். திட்டு வாங்கியது நான், நம்பர் போட்டுக் கொடுத்தது தம்பி.

இப்போது கன்ட்ரோல் நோட்டில் புதுசாக இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். முதல் தடவை வந்த எண் எவ்வளவு, மறுபடி ஓட்டினால் காரணம் என்ன. முதல் வாரமே தம்பி ஒரு நாள் காரணத்தில் "சும்மா" என்று எழுதி வைத்திருந்தான். அழிக்கச் சொல்லவில்லை.