கரடி கடித்த கேமரா

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கருங்கரடி வேட்டை செப்டம்பர் 1 அன்று தொடங்கும். ஆகஸ்ட் நடுவிலேயே காட்டில் இரை வைக்கத் தொடங்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இந்த முறை குலுக்கலில் உரிமம் விழுந்தது. துப்பாக்கி அவருடையது. மரத்தில் கட்டிவிட்டால் எதிரே விலங்கு அசைந்ததும் தானே படமெடுக்கும் டிரெயில் கேமரா இரண்டும் என் பொறுப்பு.

முதல் கேமராவை இடுப்பு உயரத்தில் கட்டியது என் முட்டாள்தனம். நான்கு நாள் கழித்துப் போனால் அது வானத்தைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறது. மேலெல்லாம் பல் தடம். கார்டில் கடைசி மூன்று படங்கள்: ஈர மூக்கு, நாக்கு, அப்புறம் வெறும் இருட்டு.

இரண்டாவதை மேற்கு பார்த்து வைத்திருந்தேன். தொள்ளாயிரம் படம், அத்தனையும் சாயங்கால வெயிலில் ஆடும் பெரணிச் செடி! சூடான எது அசைந்தாலும் சென்சாருக்குப் போதும். வெயிலில் காய்ந்த இலையும் அதில் சேர்த்தி.

சரி என்று ஏணி கடன் வாங்கிப் பத்தடி உயரத்தில், இரும்புப் பெட்டிக்குள், வடக்கு பார்த்துக் கட்டினேன். பின்னால் ஒரு குச்சியைச் செருகியதும் லென்ஸ் கீழே சாய்ந்துகொண்டது. இரைக்குப் பக்கத்து மரத்தில் இரண்டடியிலும் மூன்றடியிலும் வெள்ளை டேப் ஒட்டினேன். படத்தில் எல்லாக் கரடியும் பெரிதாகத்தான் தெரியும், அதற்காக. காதையும் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆணுக்குத் தலை பருத்துக் காது சின்னதாக, தள்ளித் தள்ளி இருக்கும். இளசுக்கு நாய்க்காது மாதிரி உச்சியில் நிற்கும்.

தினமும் மாலை ஆறே முக்காலுக்கு ஒரு கரடி வந்தது. தோள் இரண்டரை அடி. "இதுதான் நம்ம கரடி" என்றார் பெரியவர். எனக்கென்னவோ அந்தக் காது உறுத்தியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றிருந்ததை முப்பது விநாடி வீடியோவாக மாற்றினேன். இருபதாவது விநாடியில் பின்னால் இருந்த மரத்திலிருந்து இரண்டு குட்டிகள் சறுக்கி இறங்கின. பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. "அது வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றடி டேப்பைத் தொடும் ஆண் ஒன்றும் உண்டு. ஆனால் வருவது இரவு இரண்டு மணிக்கு. இருட்டில் சுட அனுமதியில்லை. போன வாரத்திலிருந்து அதுவும் சரியாக வருவதில்லை, ஓக் கொட்டைகள் விழத் தொடங்கிவிட்டன. நம் இரையை இனி யார் மதிப்பார்கள்? ஒரு கேமராவை ஓக் மேட்டுக்கு மாற்றியிருக்கிறேன். சனிக்கிழமை கார்டு எடுக்கப் போகிறேன்.