ப்ரூச்சின் பின்புறத்தைப் படிப்பது எப்படி

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கம் ஒரு ஏலத்தில் எடுத்த கலவைப் பெட்டியில் மூன்று பொருட்கள் என் கண்ணை இழுத்தன: வெள்ளித் தேக்கரண்டி, கெல்டிக் பின்னல் வேலைப்பாடுள்ள வெள்ளி ப்ரூச் (உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகை), அகேட் கல் பதித்த இன்னொரு ப்ரூச். யார் செய்தது, எந்தக் காலம் என்று தேடிப் போன வழியை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பாலிஷ் போடவே கூடாது. செய்தவர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் காட்ட வெள்ளியில் அடித்த சிறு முத்திரையின் பள்ளத்தில் தங்கியிருக்கும் கருப்புதான் எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த டார்ச், இரண்டும் போதும். தேய்ந்துபோன இடத்தில் வாயால் ஒரு ஊது ஊதினால், ஆவி படிந்து மறையும் அந்த நொடியில் உருவம் தெளிகிறது.

எல்லோரும் செய்தவரின் இனிஷியலைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஒரே இரண்டெழுத்தை எத்தனையோ பட்டறைகள் வைத்திருந்தன. ஊர் முத்திரை, அரசர் தலை, ஆண்டுக்கு ஒன்றாக மாறும் ஆண்டெழுத்து என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தால் பெயர் தானாக வந்து நிற்கும்.

கரண்டியில் அப்படித்தான் ஆனது. கோட்டை இருந்தால் எடின்பரோ; இதில் இருந்தது மரம். அரிசி மணி அளவுக்கும் குறைவான இடத்தில் மரம், உச்சியில் பறவை, கிளையில் மணி, குறுக்கே மீன். கிளாஸ்கோ நகரச் சின்னம் முழுதாக! (மீன் வாயில் மோதிரம் இருக்க வேண்டும், கிளாஸ்கோவின் காவல் புனிதரான மங்கோவின் கதையில் வருவது. அது தேய்ந்துவிட்டது.) பக்கத்தில் பின்னங்காலில் நிற்கும் சிங்கம், இடப்பக்கம் பார்க்கும் ராணியின் தலை, 'ஏ' என்ற எழுத்து. வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை அடிக்கும் கிளாஸ்கோ சோதனை அலுவலகம் தொடங்கியது 1819-ல். எழுத்து வரிசை 26 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பியது. ஆக 'ஏ' வருவது 1819, 1845, 1871, 1897. இடப்பக்கம் பார்ப்பது அதற்குப் பிறகு வந்த ராணி விக்டோரியா, அதனால் 1819 கழிந்தது. வரி கட்டியதற்கு அடையாளமான அரசர் தலை 1890-ல் நின்றுவிட்டது, அதனால் 1897-உம் கழிந்தது. மிச்சமிருந்த இரண்டில் எழுத்தின் வடிவம் 1845-46-ஐக் காட்டியது. அதன் பிறகுதான் 'ஆர்.ஜி.&எஸ்.' பக்கம் போனேன்: ராபர்ட் கிரே & சன், கிளாஸ்கோவின் பெயர்பெற்ற வெள்ளி வேலைக்காரர்கள். அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம்.

இதைவிடப் பழைய, சின்ன ஊர் வெள்ளி கையில் வந்தால் பட்டியல் வேறு. 1836 சட்டத்துக்கு முன் இன்வர்னெஸ், டண்டீ, பெர்த், அபர்டீன் எல்லாம் தங்கள் குறியைத் தாங்களே அடித்துக்கொண்டன. டண்டீக்கு லில்லிப் பூச்சாடி. வடக்கே குளிரில் கிடக்கும் இன்வர்னெஸுக்கு ஒட்டகம்! அது அந்த ஊர்ச் சின்னத்திலேயே இருப்பது.

கெல்டிக் ப்ரூச் வேறொரு பாடம் நடத்தியது. அதில் செஸ்டர் நகரத்தின் வாளும் மூன்று கதிர்க்கட்டும் இருந்தன. செஸ்டர் இங்கிலாந்தில் இருக்கிறது. அதைப் பார்த்து இது ஸ்காட்லாந்து நகையே இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. ஊர் முத்திரை சொல்வது வெள்ளியைச் சோதித்த இடத்தை மட்டுமே. ஓரத்தில் 'ஏ.ஆர்.', கூடவே 'ஐயோனா' என்று ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றின் பெயர். அலெக்சாண்டர் ரிச்சி! மனைவி யூஃபீமியாவுடன் சேர்ந்து அந்தச் சிறு தீவில் நகை செய்து விற்றவர். அங்குள்ள பழைய கல் சிலுவைகளின் பின்னல்களைத்தான் இருவரும் வெள்ளியில் இறக்கினார்கள். 1941-ல் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அவர்களுடைய சில நகைகளில் 'ஐ.சி.ஏ.' என்றும் இருக்கும். ஐயோனா கெல்டிக் ஆர்ட் என்பதன் சுருக்கம். எழுத்து இடம் மாறி 'ஆர்.ஏ.' என்றிருந்தால் அது கிளாஸ்கோவின் ராபர்ட் அலிசன். இரண்டுமே கெல்டிக் வேலை என்பதால் எழுத்தின் வரிசையை நிதானமாகப் பாருங்கள்.

அகேட் ப்ரூச்சில் ஒரு முத்திரையும் இல்லை. இந்த வகையில் அது சகஜம். பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டியிருந்தது. ஊசி சட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறது. கொக்கி வெறும் வளைவு, பூட்டு கிடையாது. பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு வேலை என்று ஊகிக்க அது உதவுகிறது. ஆனால் ஸ்காட்லாந்தில் செய்தது என்று சொல்ல முடியாது. விக்டோரியா ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் குடிபுகுந்த பிறகு இந்தக் கல் நகைகளுக்கு வந்த மோகத்தில், இங்கிலாந்தின் பர்மிங்காம் பட்டறைகளும் செய்து தள்ளின. ஜெர்மனியின் இடார் ஓபர்ஸ்டைனில் வெட்டிய அகேட்டும் இறங்கியது. அதனால் அட்டையில் 'ஸ்காட்டிஷ் பாணி, விக்டோரியா காலம்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். முத்திரை இல்லாத இப்படிப்பட்ட ப்ரூச்சுக்கு யாராவது பட்டறைப் பெயர் சொல்லி விலை ஏற்றினால், அதற்கு ரசீதோ பழைய பெட்டியோ இருக்கிறதா என்று கேளுங்கள்.