அம்மாவின் டம்ளரை எடை போட்டேன்

தீபாவளி முறுக்குக்கு அம்மாவின் கணக்கு ஒன்றுதான்: நான்கு டம்ளர் அரிசி மாவு, ஒரு டம்ளர் வறுத்து அரைத்த உளுத்தம் மாவு. போன வருடம் சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் அதே கணக்கில் பிசைந்தேன். முறுக்கு கல்லாக இருந்தது.

இந்த முறை அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கூடவே அந்த எவர்சில்வர் டம்ளரும் வந்தது. தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்தேன்: டம்ளரின் எடை போகத் தண்ணீர் மட்டும் 250 கிராம், அதாவது 250 மில்லி. போன வருடம் நான் அளந்தது அரிசிக் குக்கரோடு வந்த 180 மில்லி குவளையில். ஆனால் விகிதம் மாறாதே, பிறகு எங்கே தவறியது?

அம்மா அளப்பதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. சலித்த அரிசி மாவைக் கரண்டியால் மெதுவாகச் சொரிந்து, விரலால் தலை தட்டினார். 130 கிராம். நான் வழக்கம்போல் பொட்டலத்துக்குள் டம்ளரை விட்டு அழுத்தி அள்ளினேன். 165 கிராம்! போன வருடம் உளுத்தம் மாவை மட்டும் நான் சலித்திருந்தேன். அதனால் அரிசி மாவு அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது.

"கை அழுத்தம்தான் கண்ணு," என்றார் அம்மா.

மாவுக்கு ஒரே மாற்றுக் கணக்கு கிடையாது. சர்க்கரை அவ்வளவாக அமுங்காது, அதை நம்பி டம்ளரில் அளக்கலாம். மாவை எடை போடுங்கள். என் ஏட்டில் இப்போது இருப்பது: அரிசி மாவு 520 கிராம், உளுத்தம் மாவு 120, வெண்ணெய் 50. தண்ணீருக்கு மட்டும் எண் எழுதவில்லை. மாவு காய்ந்திருப்பதைப் பொறுத்து அது கைப்பக்குவம்.