காற்றாடி மலைக்கு ஒரு நேர்த்திக்கடன்

அம்மா 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது இது. அம்மா எழுந்து வீட்டுக்கு வந்தால், நாகர்கோவில் கோட்டாறிலிருந்து, புனித தேவசகாயம் பிள்ளை உயிர்விட்ட ஆரல்வாய்மொழி காற்றாடி மலைக்கு நடந்தே வருகிறேன் என்று ஆண்டவரிடம் சொல்லியிருந்தேன். அம்மா எழுந்தார். இப்போது வாசல் தெளிக்கிறார், என்னைத் திட்டுகிறார். இரக்கம் என்ற சொல்லுக்கு எனக்கு இதைவிடப் பெரிய அர்த்தம் தெரியாது.

முந்தின நாள் சாயங்காலமே கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போனேன். தேவசகாயம் பிள்ளையின் கல்லறை பீடத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. அம்மாவுக்காக அங்கே கொஞ்ச நேரம் முழங்காலிட்டுவிட்டு, மறுநாள் இருட்டோடு கிளம்பினேன். வெள்ளமடம் தாண்டித் தோவாளை வந்ததும் பூச்சந்தையின் பிச்சி வாசம். ஒரு மாலை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஆரல்வாய்மொழி நெருங்க நெருங்கக் காற்று ஆளைத் தள்ளியது.

நடந்த நேரமெல்லாம் தேவசகாயம் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவிடம் அரண்மனை உத்தியோகம் பார்த்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்பு வந்து மனம் உடைந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் பைபிள் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். கடவுளின் உதவி என்று பொருள்.

உதவி பெற்றவர் என்ன செய்தார் என்பதுதான் என்னை நிறுத்தியது. எந்தச் சாதியாரோடும் சமமாக உட்கார்ந்தார், சேர்ந்து சாப்பிட்டார். அந்தக் காலத்தில் அது சின்னக் குற்றம் இல்லை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனார்கள், காயத்தில் மிளகாய்த்தூள் தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது எங்கள் ஊரே தொலைக்காட்சி முன் அழுதது. நானும் அழுதேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். நான் அசந்து தூங்கிய இரவுகளில் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டவர் அவர்தான். கிளம்பும் நாளில் 500 ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. "காசு வேண்டாம் தம்பி. ஒரு நாள் அம்மையைக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார். எந்தத் தெரு என்று சொன்னதும் எனக்குள் ஏதோ பின்வாங்கியது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவன், மூன்று மாதமாகப் போகவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் நாங்கள். அந்தத் தெருவில் எங்கள் வீட்டார் யாரும் கை நனைத்ததில்லை.

வியாகுல அன்னை ஆலயத்தில் மாலையைச் சாத்திவிட்டு, மணியடிச்சான் பாறைக்கு ஏறினேன். சின்னக் கல்லால் தட்டினால் மணிபோல ஒலிக்கிற பாறை அது. பலரும் தட்டிப் பார்த்துச் சந்தோஷமாக இறங்கினார்கள். எனக்கு ஒரு தடவைக்கு மேல் தட்ட முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து, ஆண்டவரே, என்னை மன்னியும் என்று மட்டும் சொன்னேன். நடந்து வந்த கடனோடு முடிகிற கணக்கு இல்லை இது என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு போவோம். வெறுங்கையோட போகக் கூடாது, பழம் வாங்கு" என்றார்.

போனோம். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்திருந்தார் அக்கா. தரையில் பாய் விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மா தட்டை நீட்டி இன்னொரு துண்டு கிழங்கு கேட்டார்.