வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீங்க: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலிருந்து சென்னைக்குக் குடிபோகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து வேலைக்காகக் குடும்பத்தோடு சென்னை கிளம்புகிறவர்களுக்கு மொழி ஒரு சிரமமே இல்லை. சிரமம் தூரம்தான். கோயம்புத்தூர் என்றால் காலையில் பஸ் ஏறி நாலு வீடு பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல், ஒரு ராத்திரிப் பயணம். அதனால் போனிலேயே வீட்டைப் பேசி, போனிலேயே அட்வான்ஸை அனுப்பிவிட்டு, சாமானோடு போய் இறங்குகிறவர்கள் நிறையப் பேர். பணம் தொலைவதும், உப்புத் தண்ணீர் வீட்டில் 11 மாதம் மாட்டிக்கொள்வதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த வீட்டில் இருக்கப் போகிறவர்களில் ஒருத்தராவது வாசல்படி மிதிக்கும்வரை ஒரு ரூபாய்கூட கையை விட்டுப் போகக் கூடாது. இரண்டு பேர் போய்வர ரயில் செலவு, இரண்டு ராத்திரி லாட்ஜ் வாடகை எல்லாம் சேர்த்தாலும், தப்பான வீட்டிலிருந்து மூன்றாம் மாதமே வேறு வீடு மாறும் செலவில் கால்பங்கு வராது.

முதலில் கணக்கு. போனில் சொல்லும் வாடகை வேறு, மாதாமாதம் கையிலிருந்து போகும் பணம் வேறு. உதாரணத்துக்கு வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 6 மாதம் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 72,000, புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை 12,000, முதல் மாத வாடகை 12,000. லாரிக்கு முன்னாலேயே 96,000 வேண்டும். அந்த 72,000-ஐ மாதம் 1 ரூபாய் வட்டிக்கு நகையை அடகு வைத்துப் புரட்டினால் மாதம் 720 ரூபாய் வட்டி. இதோடு மெயின்டனன்ஸ், கரண்ட், கேன் தண்ணீர், வேலைக்குப் போய்வரும் செலவு எல்லாம் கூட்டிப் பாருங்கள். 10,000 ரூபாய் வீடும் 13,000 ரூபாய் வீடும் பல நேரம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

போக்குவரத்துச் செலவுதான் ஏரியாவைத் தீர்மானிக்க வேண்டும். சென்னையில் வாடகை குறைந்த வீடு என்றால் புறநகர் ரயில் பாதையை ஒட்டித் தேடுவதுதான் நல்லது. சீசன் டிக்கெட் எடுத்தால் தினப்படிச் செலவு பஸ்ஸைவிடக் குறைவு. தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி. மேற்கே வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம். மேற்குப் பாதையில் நமக்கு ஒரு வசதி உண்டு. பாலக்காடு வழியாகச் சென்ட்ரல் போகும் பல ரயில்கள் பெரம்பூரில் நிற்கும், ஊருக்கு வந்து போக அலைச்சல் குறையும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை என்றால் கணக்கே வேறு. கம்பெனி பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் ஆள் ஏற்றுகிறது என்று எச்.ஆரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த நிறுத்தத்திலிருந்து 10 நிமிட நடைக்குள் தேடுங்கள். வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போவதாக இருந்தால், மாநகரச் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னாலிருந்து இணையத்தில் தேடலாம். அதற்கும் முன்னால் பார்த்தால் பிரயோசனமில்லை, சென்னையில் காலியான வீடு யாருக்காகவும் ஒரு மாதம் காத்திருக்காது. ஒரு நாளைக்கு 10 போன் என்று வைத்து, பிடித்த 8 வீட்டை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாடகை, அட்வான்ஸ், எந்த மாடி, தண்ணீர், ஈபி (மின்சாரக்) கட்டணம், ஓனர் அதே கட்டடத்தில் குடியிருக்கிறாரா, கறி மீன் சமைக்கலாமா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வீடியோ. "போட்டோ அனுப்புங்க" என்று கேட்டால் பெயிண்ட் அடித்த அன்றைக்கு எடுத்ததுதான் வரும். வாட்ஸ்அப் வீடியோ காலில் தெருப் பெயர்ப் பலகையில் ஆரம்பித்து, கேட், படிக்கட்டு, வாசல் என்று நிறுத்தாமல் நடந்து வரச் சொல்லுங்கள். சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் காட்டச் சொல்லுங்கள். பாத்ரூம் டைல்ஸ், ஷவர் வாய், குழாய் நுனி மூன்றையும் கிட்டத்தில் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கடின நீர் என்று அர்த்தம். வீடியோ கால் வேண்டாம் என்று நழுவுகிறவரை அங்கேயே விட்டுவிடலாம்.

ஏமாற்று வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஏரியா வாடகையைவிடப் பாதிக்கும் குறைவாக அழகான வீடு, "ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூருக்கு மாற்றல்" என்று சீருடைப் படம் போட்ட அடையாள அட்டை, வீட்டைக் காட்ட 'கேட் பாஸ்' கட்டணம், இல்லாவிட்டால் "இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்களுக்குத் திரும்பி வரும்". பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எங்கேயும் தேவையில்லை. பின் போட்டால் பணம் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நடுவழியில் முடக்க வழி இருக்கிறது.

எட்டில் நாலு தேறியதும் ரயில் ஏறலாம். கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தவர்கள் பாலக்காடு வரை போக வேண்டியதில்லை. பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாகப் போகும் பாலக்காடு–சென்னை எக்ஸ்பிரஸைப் பொள்ளாச்சியிலேயே பிடிக்கலாம். ஆதார் நகல், வேலை உத்தரவு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இரண்டு போட்டோ கையில் இருக்கட்டும். ஆதாரில் கேரள முகவரியைப் பார்த்து ஓனர் யோசித்தால் வேலை உத்தரவுதான் பேசும்.

ஒவ்வொரு வீட்டையும் இரண்டு நேரம் பார்க்க வேண்டும். காலை 7 மணிக்குத் தண்ணீருக்காக, மாலை 4 மணிக்குச் சூட்டுக்காக. காலையில் எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும். அப்போது 15 லிட்டர் வாளியை வைத்து மணி பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நிறைந்தால் சரி. ஐந்து நிமிடம் ஆனால் டேங்க் உயரம் போதவில்லை, இல்லையென்றால் குழாயில் உப்பு அடைத்திருக்கிறது. பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள், உப்பு உடனே தெரியும். சோப்புப் போட்டால் நுரை வரவில்லையா, தலைமுடிக்கும் துணிக்கும் வாஷிங் மெஷினுக்கும் அதே கதிதான். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்) சம்ப்புக்கு, அதாவது தரைக்குக் கீழுள்ள தொட்டிக்கு, நேராக வருகிறதா, கைப்பம்பில் அடித்துத் தூக்க வேண்டுமா, மோட்டார் சுவிட்ச் யார் வீட்டில் இருக்கிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தக் காசை எப்படிப் பிரிக்கிறார்கள், இதையெல்லாம் ஓனரிடம் கேட்பதைவிடப் பக்கத்துப் போர்ஷன்காரரிடம் கேளுங்கள். மழை மறைவுப் பிரதேசத்தில் ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று எதிர்பார்த்து வாழ்கிற நமக்குத் தண்ணீர் விசாரிப்பதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்று ருசி பழகிய நாக்குக்குக் கடலோர போர் தண்ணீர் ஆகாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மாலை 4 மணிக்கு மேல்மாடி வீட்டுக்குப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். கையை எடுக்கத் தோன்றினால், மே மாதம் அந்த அறையில் ராத்திரி 11 மணிவரை தூங்க முடியாது. தளம் பகல் முழுக்க வாங்கிய வெயிலை இருட்டிய பிறகுதான் விடும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டுக்கு வாடகை குறைவாகக் கேட்பதில் தப்பே இல்லை.

தரைத்தளம் என்றால் வெள்ளம். ரோட்டின் மேலேயே திரும்பத் திரும்ப ரோடு போட்டதில் பழைய வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தால் வாசல் ரோட்டைவிடக் கீழே இருப்பது கண்ணுக்கே தெரியும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள், அவர் முழங்கால், இடுப்பு என்று கையால் காட்டிவிடுவார். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளம் பார்க்கிறவர்கள் இதைக் கேட்காமல் வரவே கூடாது. ஈபி மீட்டர் பெட்டியைத் தரையிலிருந்து மிக உயரத்துக்கு மாற்றி வைத்திருந்தால் அந்தத் தெருவின் வரலாறு அதிலேயே இருக்கிறது.

கரண்ட் விஷயத்தில் ஒரு நுணுக்கம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வீட்டுக்குத் தனி ஈபி கார்டு இருந்தால் அது உங்களுக்கு வரும். மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு, உங்களுக்குச் சப் மீட்டர் மட்டும் என்றால் ஓனர் சொல்லும் யூனிட் ரேட்தான், இலவச யூனிட் உங்கள் கைக்கு வராது. யூனிட் ரேட்டை அட்வான்ஸுக்கு முன்னாலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தனி இணைப்பு என்றால் கார்டிலுள்ள எண்ணை வைத்துப் பழைய பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்த்துவிடலாம்.

அட்வான்ஸ் பேசும்போது சட்டம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று அது சொல்கிறது. கையெழுத்துப் போட்டு ஆறு மாதத்துக்கு ஒத்துக்கொண்டால் ஆறுதான், அதனால் பேரத்தைக் கையெழுத்துக்கு முன்னால் நடத்துங்கள். 11 மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், பதிந்தால் ஒரு எண் வரும். காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னையில் வழக்கம். பிடிப்பார்களா, எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும். எழுதாத பிடித்தம்தான் கடைசி நாளில் சண்டையாகிறது.

கையெழுத்துப் போடுகிறவர் உண்மையான ஓனர்தானா என்று பார்க்கச் சொத்து வரி ரசீது, ஈபி கார்டு, ஆதார் மூன்றிலும் பெயரை ஒப்பிடுங்கள். அப்பா பெயரில் வீடு இருந்தால் அப்பாவே கையெழுத்துப் போடட்டும். போக்கியத்துக்கு, அதாவது லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பதற்கு, ஆசைப்படுகிறவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் வீடு போலப் போக்கியத்துக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள் உண்டு. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து ஏலம் வந்தால் உங்கள் பணம் அந்தரத்தில் நிற்கும். சொத்தின் மேல் பதிவான அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம். பதிவு செய்ய மறுக்கிற போக்கியம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நேரம் கையில் இருந்தால் ஆடி மாதத்தில் தேடுங்கள். நம்ம பக்கத்தில் கர்க்கடகம் என்கிற அதே மாதம்தான். புதுக்குடித்தனம் போக எல்லாரும் தயங்குவதால் வீடுகள் காலியாகக் கிடக்கும், அட்வான்ஸில் ஒரு மாதமாவது குறையும். ஆடியில் பேசி டோக்கன் கொடுத்து, ஆவணி முதல் வாரம் குடிபோகலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். பள்ளி திறக்கும் மே, ஜூனில் பேரம் பேசவே இடமிருக்காது.

வீடு முடிவான பிறகுதான் ஊரில் கேஸ் ஏஜென்சிக்குப் போக வேண்டும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தந்து மாற்றல் வவுச்சர் கொடுப்பார்கள், அதைச் சென்னை ஏஜென்சியில் காட்டி அன்றைய டெபாசிட் கட்டி இணைப்பு வாங்கலாம். லாரிக்காரரிடம் ரிட்டர்ன் லோடு, அதாவது இங்கே சரக்கை இறக்கிவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் வண்டி, இருக்கிறதா என்று கேளுங்கள். சாமான் பட்டியலை இரண்டு பிரதி எழுதி, "உபயோகித்த வீட்டுச் சாமான், விற்பனைக்கு அல்ல" என்று கையெழுத்திட்டு ஒன்றை டிரைவரிடம் கொடுங்கள். பழைய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை, ஆனால் வாளையாரிலோ வேறெங்கோ வண்டியை நிறுத்தினால் அந்தக் காகிதம்தான் பதில் சொல்லும். கட்டில் 6¼ அடி நீளம் என்றால் படிக்கட்டுத் திருப்பத்தின் அகலத்தை வீடு பார்க்கும் அன்றைக்கே டேப்பில் அளந்துவிடுங்கள்.

சாவி வாங்கிய அன்றைக்குச் சாமான் இறக்கும் முன்னால், மீட்டர் ரீடிங், சுவர்க் கறை, உடைந்த டைல்ஸ், வேலை செய்யாத சுவிட்ச் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அதே நிமிடம் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அது அங்கேயே இருக்கும்.